அந்த 21 மாதங்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில் நன்றி சொல்லவே நாங்கள் எழுந்து நிற்பது வழக்கம். இந்த ஆண்டின் கணக்கைக் கண்காணிப்பாளர் ஐயா வாசித்துவிட்டார்கள். உங்கள் காணிக்கையில் எத்தனை படுக்கைகள் நிரம்பின, எத்தனை பேர் நலமாய் வீடு திரும்பினார்கள் என்பதைக் கேட்டீர்கள். ஆகவே நாங்கள் வேறொரு கணக்கைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். அது கடல் கடந்த ஒரு நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் பல ஆண்டுகள் பொறுமையாக எடுக்கப்பட்ட கணக்கு. ஆனாலும் அது எங்கள் மனச்சாட்சியைத் தொட்ட கணக்கு.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஆண்கள் அறுவைப் பிரிவில் வழக்கம்போல் ஜெபிக்கச் சென்றோம். ஓரத்துப் படுக்கையில் 35 வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். கொத்து வேலை செய்பவர். இடது காலின் இரண்டு விரல்கள் கறுத்துப்போய் எடுக்கப்பட்டிருந்தன. பர்ஜர் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கை கால்களுக்குப் போகும் சிறிய இரத்தக்குழாய்கள் வீங்கி அடைபடுகிற நோய் அது. பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு வருகிறது. புகையிலையைத் தொடாதவருக்கு வருவது மிக அரிது. நம் நாட்டில் பீடி குடிக்கும் ஏழை உழைப்பாளிகளிடம் இதை அதிகம் காண்கிறோம். புகையிலையை முழுவதும் விட்டால் பெரும்பாலும் கால் தப்பும். விடாவிட்டால் விரலுக்குப் பின் பாதம், பாதத்துக்குப் பின் முழங்கால் என்று போகும்.

நாங்கள் பெயர் கேட்கும் முன்பே அவர், "ஐயா, என்னைத் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. அவரே சொன்னார். 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் விடுதியின் குழுவில் நாங்கள் உறுப்பினராக இருந்தோம். விடுதிச் சமையற்கட்டின் பின்னால் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பீடியோடு பிடிபட்டான். குழு கூடியது. மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடக்கூடாது என்றார்கள். பையனை அறைக்கு வெளியே நிறுத்திவைத்து, அரை மணி நேரத்தில் முடிவெடுத்தோம். வெளியேற்றும் தாளில் நாங்களும் கையெழுத்துப் போட்டோம். அவன் படிப்பு அதோடு நின்றது. அந்தப் பையன்தான் இந்த மனிதர்.

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "அன்னைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் ஐயா. அதுதான் கடைசிப் பீடின்னு நினைச்சுத்தான் பத்த வச்சேன். அதுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை விட்டுப் பார்த்தேன். முடியலை. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை."

பழகி எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று கேட்டோம். "ஒரு வருஷம்கூட ஆகலை ஐயா" என்றார்.

அன்பானவர்களே, 15 வயதுப் பிள்ளை பீடியைத் திருட்டுத்தனமாக, ஆசையாகக் குடிக்கிறான் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். அவன் விட முயன்று தோற்றுக்கொண்டிருந்தான் என்பது எங்கள் சிந்தையில் உதிக்கவே இல்லை. இது இந்த ஒருவருடைய கதைதானா, பொதுவாகவே அப்படித்தானா என்று எங்கள் மருத்துவமனை டாக்டர் ஒருவரிடம் கேட்டோம். அவர் எங்களை உட்காரவைத்துச் சில ஆய்வுகளை எடுத்துச் சொன்னார். அவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

டாக்டர்கள் இவற்றைக் கோஹார்ட் ஆய்வு என்கிறார்கள். இறையியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல. ரோமப் படையின் ஒரு பிரிவுக்குக் கோஹார்ட் என்று பெயர். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கொர்நேலியு, இத்தாலியா பட்டாளத்தின் நூற்றுக்கு அதிபதி. அந்தப் பட்டாளம்தான் அது. ஒன்றாய்ப் புறப்பட்டு ஒன்றாய் நடக்கிற கூட்டம். ஆய்விலும் அப்படியே. ஒரு கூட்டத்தாரைத் தொடக்கத்திலேயே பெயர் எழுதிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கண்டு விசாரிப்பது. ஒருமுறை எடுக்கும் கணக்கு ஒரு புகைப்படம் போன்றது. இதுவோ ஒரே பிள்ளையை ஆண்டுதோறும் படம்பிடித்து வைத்த குடும்ப ஆல்பம் போன்றது. எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பது ஆல்பத்தில்தான் தெரியும்.

இத்தகைய ஆய்வுகளில் பேர்பெற்றது இங்கிலாந்தில் நடந்தது. ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்போர்ட் ஹில் என்னும் இருவர் 1951-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். பதிலளித்த ஆண் டாக்டர்கள் 34,439 பேர். அவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். முடிவு 2004-இல் வெளிவந்தபோது டால் 90 வயதைத் தாண்டியிருந்தார். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள் என்று தெரிந்தது. அதே ஆய்வு ஓர் ஆறுதலையும் தந்தது. 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50-இல் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர் 9 ஆண்டுகளையும் திரும்பப் பெற்றார்கள். 30 வயதில் விட்டவர் அந்த 10 ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுவதுமாகவே பெற்றார்கள். ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் எவரேனும் இந்தப் பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தால், காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

ஆனால் அந்த டாக்டர்கள் வளர்ந்தவர்கள். பழக்கம் எப்படிப் பிள்ளையைப் பிடிக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், பிடிபடும் முன்பே பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டாக்டர் ஜோசப் டிப்ரான்சா. 1998-இல் அங்கே இரண்டு சிறு நகரங்களில் 12, 13 வயதுள்ள 681 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு மூன்று முறை தனித்தனியே பேசிக் கேட்டார்கள். நிறுத்த முயன்று முடியாமற்போனதுண்டா? புகைக்கவேண்டும் என்ற ஆவல் தாங்க முடியாமல் வந்ததுண்டா? கிடைக்காதபோது எரிச்சலோ மனச் சிதறலோ உண்டானதா? இப்படிப் பத்துக் கேள்விகள். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தன்னிச்சையில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

அதற்கு முன் பலரும் எண்ணியிருந்தது, தினமும் பல சிகரெட் என்று சில ஆண்டுகள் குடித்த பிறகே அடிமைத்தனம் வரும் என்பதாகும். 2000-இல் வெளிவந்த முதல் முடிவு அதை அசைத்தது. மாதத்துக்கு ஒரு சிகரெட்டாவது குடிக்கத் தொடங்கியிருந்த பிள்ளைகள் 95 பேர். அவர்களில் 60 பேரிடம் அந்த அடையாளங்களில் ஒன்றாவது காணப்பட்டது. சிலருக்குத் தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே. அவர்களில் பலர் தினமும் குடிக்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே பிடிபட்டிருந்தார்கள். "எப்பொழுதாவதுதானே" என்று நாம் லேசாக விடுகிற காலத்திலேயே பூட்டு விழுந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 1999-இல், கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் இன்னும் நீண்ட ஓர் ஆய்வு தொடங்கியது. ஜெனிபர் ஓலாக்லின் என்னும் அம்மையார் அதை நடத்தினார்கள். 10 உயர்நிலைப் பள்ளிகள். ஏழாம் வகுப்பில் படித்த 1,293 பிள்ளைகள். பள்ளி நடக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்தார்கள்; 5 ஆண்டுகளில் 20 முறை. அதோடு விடவில்லை. அந்தப் பிள்ளைகள் 20 வயதை எட்டியபோதும், 24 வயதை எட்டியபோதும் தேடிப்போய் மீண்டும் கேட்டார்கள். நூறு ஆடுகளை உடைய மேய்ப்பனுக்கு ஒன்று குறைந்தது எப்படித் தெரிந்தது? எண்ணியதால் தெரிந்தது. எண்ணுவதும் ஒருவிதமான அன்பு என்பதை இந்த ஆய்வைக் கேட்டபோது நாங்கள் உணர்ந்தோம்.

2006-இல் அவர்கள் வெளியிட்டது ஒரு வழிப்பாதைக் கணக்கு. முதல் இழுப்புக்குப் பின் எந்த நிலை எப்போது வந்தது? முதல் இழுப்பை இழுத்த எல்லாருமே கடைசிவரை போய்விடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தொடங்கியவர்களில் கால்வாசிப் பேர், மனதளவில் அடிமைப்பட்டதாகத் தாங்களே உணரும் நிலையை 2½ மாதத்திலேயே எட்டியிருந்தார்கள். கால்வாசிப் பேர் அடக்க முடியாத ஆவலை எட்ட 4½ மாதங்கள். தினமும் புகைக்கும் நிலையைக் கால்வாசிப் பேர் எட்டவோ 23 மாதங்கள் ஆயின. அதாவது கட்டு முன்னே விழுகிறது. தினப்பழக்கம் பின்னே வருகிறது. நாம் கண்ணால் காண்பது பின்னே வருவதைத்தான்.

எங்களை உறங்கவிடாமற் செய்தது இதே ஆய்விலிருந்து 2009-இல் வந்த மற்றொரு கணக்கு. புகைக்கத் தொடங்கிய 319 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்போது விட முயன்றார்கள் என்று பார்த்தார்கள். முதல் இழுப்பிலிருந்து ஏறத்தாழ 2½ மாதத்திலேயே மெய்யாக விட்டுவிட முதல் முயற்சி வந்திருந்தது. வீட்டாருக்கே தெரியாத காலம் அது! எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்று அப்போது அவர்கள் நம்பினார்கள். மீண்டும் முயன்றார்கள், மீண்டும் விழுந்தார்கள். ஏறத்தாழ 21 மாதங்கள் ஆகும்போது, தங்களால் விட முடியும் என்ற நம்பிக்கையையே இழந்திருந்தார்கள். நூற்றுக்கு 70-க்கும் மேற்பட்டோர் விட விரும்பினார்கள். 5 ஆண்டுகளின் முடிவில் ஓராண்டு காலமாவது விட்டிருந்தவர்கள் நூற்றுக்கு 19 பேரே.

இரண்டரை மாதத்தில் முதல் முயற்சி. இருபத்தொரு மாதத்தில் நம்பிக்கை இழப்பு. இடையில் இருப்பது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம். அந்த ஒன்றரை ஆண்டும் பிள்ளை உதவியை ஏற்கும் மனதோடுதான் இருக்கிறான். நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? சில வேளை ஒன்றும் அறியாதிருக்கிறோம். சில வேளை அறிந்து, அடித்து, துரத்திவிடுகிறோம். எங்கள் விடுதியில் அந்தப் பையன் அறைக்கு வெளியே நின்றபோது அவன் அந்த 21 மாதத்துக்கு உள்ளேதான் இருந்தான். எங்கள் கையெழுத்து அவனை அந்தக் காலத்திலிருந்தே வெளியேற்றிவிட்டது என்றே இன்று எண்ணுகிறோம்.

இது கனடாவின் சிகரெட் கணக்குத்தானே, நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நாடும் பொருளும் வேறுதான். பீடியிலும், உதட்டுக்குள் வைக்கும் பொட்டலத்திலும், சிகரெட்டிலும் இருக்கும் நிக்கோட்டின் ஒன்றே. நம் நாட்டில் 2019-இல் பள்ளிகளில் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயதுள்ள மாணவரில் நூற்றுக்கு 8.5 பேர் ஏதேனும் ஒருவகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. அதைவிட வேதனையானது, பீடியைத் தொட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் 10 வயதுக்கு முன்பே தொட்டிருந்தார்கள் என்பது. பத்து வயதுப் பிள்ளை நம் ஞாயிறு பள்ளியில் கனிஷ்ட வகுப்பில் இருக்கிற பிள்ளை.

மின்சிகரெட் என்ற புதுப்பொருளைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். அதன் விற்பனையை 2019-இல் நம் நாடு தடைசெய்துவிட்டது. ஆனாலும் வெளியூரில் படிக்கும் பிள்ளைகளின் கைகளுக்கு அது வருகிறது. அது புகையல்ல, ஆவிதான் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதற்கும் தொடர் ஆய்வுகளே பதில் சொல்கின்றன. 2017-இல் இப்படிப்பட்ட 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 17,000-க்கும் மேற்பட்ட இளையோர். சிகரெட்டைத் தொடாதவர்களாய் இருந்தவர்களில், மின்சிகரெட்டைச் சுவைத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 30 பேர் பின்பு சிகரெட்டுக்கு வந்தார்கள். சுவைக்காதவர்களில் சுமார் 8 பேரே வந்தார்கள். துணிந்த சுபாவமுள்ள பிள்ளைகளே இரண்டையும் நாடுகிறார்கள் என்று சொல்வோரும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் எந்தத் தகப்பனும் அந்த 30 பேரில் தன் பிள்ளையை நிறுத்த விரும்பமாட்டான்.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? இந்த ஆய்வு மருந்து சொல்லவில்லை, காலத்தைச் சொல்லுகிறது. காலம் தெரிந்தால் கேள்வி மாறும். "நீ குடிக்கிறாயா?" என்று கேட்டால் பிள்ளை இல்லை என்பான். "விட்டுப் பார்த்தாயா, தம்பி? எத்தனை முறை?" என்று கேட்டால் பேசத் தொடங்குகிறான். இதை நாங்கள் இப்போது பிரிவுகளில் காண்கிறோம். இளைஞர்களிடம் பேசும்போது, பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எங்கள் ஆலோசகர் சகோதரி இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். தோற்றுப்போனேன் என்று சொல்லுகிறவனிடம், "அப்படியானால் நீ முயன்றிருக்கிறாய்" என்று பதில் சொல்லுகிறார்கள். பிறகு அவனைப் பெயர் எழுதிக்கொண்டு மாதம் ஒருமுறை விசாரிக்கிறார்கள். விழுந்தாலும் வரச் சொல்லுகிறார்கள். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், மாதந்தோறும் மறவாத ஒரு மனதும் போதும்.

உங்கள் சபைகளிலும் இது கூடும். வாலிபர் சங்கத்தை நடத்துகிறவர்களே, பிடிபட்ட பையனை நீக்கும் முன் ஒருமுறை தனியே அழைத்துக் கேளுங்கள். பெரியவர்களே, பீடி வாங்கிவரப் பேரப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பதையும், பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் பள்ளி வாசலில் அது நடக்கிறதா என்று பாருங்கள். பீடி சுற்றிய கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றப்படுத்த நாங்கள் பேசவில்லை. அவர்களுடைய பிள்ளைகளைக் காக்கவே பேசுகிறோம். விட விரும்பும் எவருக்கும் அரசின் இலவசத் தொலைபேசி எண் உண்டு: 1800 112 356. புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது. நோய் எந்தக் கடையிலிருந்து வருகிறதோ அந்தக் கடையிலேயே உதவியின் எண்ணும் தொங்குகிறது. வாசித்துக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

மான்ட்ரியலில் அந்த அம்மையாரும் அவருடைய துணைவர்களும் 20 முறை கேள்வித்தாளோடு போனார்கள். அதே பிள்ளைகள், அதே கேள்விகள். அதற்கு யாரோ ஆண்டாண்டாகப் பணம் கொடுத்தார்கள். உடனே பலன் தெரியாத வேலைக்குக் கொடுத்தார்கள். நீங்களும் அப்படிக் கொடுக்கிறவர்கள் என்பதால்தான் இதை உங்களிடம் சொல்லத் துணிந்தோம். ஒரு நாளில் முடிகிற அறுவைச் சிகிச்சைக்குக் கொடுப்பது எளிது. மாதாமாதம் ஒரு பையனை விசாரிக்கும் வேலைக்குக் கொடுப்பதற்குப் பொறுமை வேண்டும்.

அந்தக் கொத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சங்கடப்பட்டு, "அதெல்லாம் எதுக்கு ஐயா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பீடியை விட்டு 7 மாதங்கள் ஆகின்றன. நடுவில் ஒருமுறை விழுந்ததாக அவரே வந்து சொன்னார். பாதம் இதுவரை தப்பியிருக்கிறது. மாதம் ஒருமுறை காயத்தைக் காட்ட வருகிறார். போன மாதம் வந்தபோது, எட்டாம் வகுப்பில் படிக்கும் தன் மகனையும் அழைத்துவந்து எங்கள் ஆலோசகர் அறை வாசலில் உட்காரவைத்தார். "இவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க ஐயா" என்றார்.

கேட்டோம். அவன் பெயரையும் எழுதிக்கொண்டோம். அடுத்த மாதமும் கேட்போம்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக.